அண்ணனைக் கூட்டிவரப் பம்பாய் போனேன்

பம்பாய்க்குப் போகிறவர்கள் முறுக்கு, கருப்பட்டி, வடகம் என்று பெட்டியை நிறைத்துக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் என் தகரப் பெட்டியில் அவை எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த ஒரு காலிப் பையும் இருந்தது. வெள்ளை மல் துணியில் அம்மா தன் கையால் தைத்தது. வாயில் நாடா கோத்து, ஒரு மூலையில் சிவப்பு நூலால் சிறிய சிலுவை போட்டிருந்தாள். அண்ணன் யோசேப்பின் எலும்புகளை அதில் போட்டு ஊருக்குக் கொண்டுவர வேண்டும். என் பயணம் அதற்குத்தான்.

அண்ணன் தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்தான். அவன் அங்கே போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போக முடிந்தது. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். இப்போது ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்த காலத்தில் அவன் காய்ச்சலில் இறந்துபோனான். சேதி ஊருக்கு வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

பம்பாயில் உயிரோடிருப்பவர்களுக்கே இடம் போதவில்லை. ஆகவே அங்கே கல்லறைக்கும் தவணை உண்டு. சில வருஷம் சென்றபின் குழியைத் திரும்பத் தோண்டி, அடுத்து இறந்தவருக்குக் கொடுப்பார்கள். சொந்தக்காரர் விரும்பினால் எலும்பை எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் அதே குழியில் இன்னும் ஆழத்தில் புதைத்துவிட்டு, மேலே புதிய பெட்டியை இறக்குவார்கள். காசுள்ளவர்கள் இடத்தை நிரந்தரமாக வாங்கிக்கொள்வதும் உண்டு. அண்ணனுடைய வரிசைக்குத் தவணை முடிந்துவிட்டது என்று, அவனோடு வேலை பார்த்த பொன்னையா மாமா கார்டு போட்டிருந்தார். யாரோ முகந்தெரியாத ஆள் என் பிள்ளை நெஞ்சின்மேல் படுப்பதா என்று அம்மா அழுதாள். அன்றைக்கே துணி எடுத்துப் பை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. திருநெல்வேலிப் பக்கம் என்றால் போதும். பெயரைச் சொன்னால், அது அந்த ஒரு ஊரின் குறை என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஊரில் எல்லாரும் கிறிஸ்தவர்கள். ஒரே கோயில், ஒரே ஐயர். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். நற்கருணையும் ஒரே பாத்திரத்தில்தான். ஆனால் மேலத்தெருக்காரர்கள் எல்லாரும் போய் வாங்கித் திரும்பி உட்கார்ந்த பிறகே கீழத்தெருக்காரர்கள் எழுந்திருப்போம். நாங்கள் கீழத்தெரு. சவத்தைக் கொண்டுபோகக் கோயிலுக்கென்று ஒரு பெட்டி வண்டி இருக்கிறது. அது எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மண்சுவர். மழைத் தண்ணீர் தேங்குகிற பக்கம் எங்களுடையது.

வாத்தியார் வேலை கிடைத்த புதிதில், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பற்றி ஐயரிடம் கேட்டேன். மண்சுவர்தானே தம்பி, மழையில் அதுவாகவே கரைந்துவிடும் என்றார். அடுத்த பண்டிகைக்கு அதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

தாதரில் இறங்கியதும் முதல் தவறு செய்தேன். பஸ் வந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் ஓடிப்போய் ஏறினேன். எனக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் சத்தம் போடவில்லை, ஒருவரும் என்னைத் தள்ளவுமில்லை. என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கண்டக்டர் என் பெட்டியைக் காட்டி, இது சரக்கு வண்டி இல்லை மதராசி, இறங்கு என்று இந்தியில் சொன்னார். அதன் அர்த்தம் பக்கத்தில் நின்ற மலையாளி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரிடம் வழி கேட்பதற்குள் பஸ் அவரையும் கொண்டுபோய்விட்டது.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எதிர்த் திசையில் நடந்திருக்கிறேன். தெரு முடிந்த இடத்தில் கடல் வந்தது. எங்கள் பக்கத்துக் கடலில் சூரியன் உதிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அது கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அத்தனை ஜனம் மணலில் உட்கார்ந்திருந்தது. நானும் பெட்டிமேல் உட்கார்ந்தேன். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் என் பெயர் தெரிந்த ஒருவர்கூட இல்லை என்பது அதுவரை எனக்கு நேர்ந்திராத ஒன்று. ஊரில் தனியாக இருக்க வேண்டுமென்றால் காட்டுப் பக்கம் போகவேண்டும்.

பிறகு ஈரானி ஹோட்டல் ஒன்றில் டீயும், வெண்ணெய் தடவிய பன்னும் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். நானும் நனைத்தேன். பாதி உள்ளே விழுந்துவிட்டது. தாராவி என்று சொன்னதும் அவர் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அவர் சொன்னது உண்மை. பாதி வழிக்கு மேல் நாற்றமே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பொன்னையா மாமா குடியிருப்பது ஒரே அறை. கீழே அவரும் செல்லம்மா அத்தையும். ஏணி வைத்து ஏறினால் தகரக் கூரைக்கு அடியில் ஒரு பலகைத் தட்டு. அதில் பகல் வேலைக்காரர்கள் இரவிலும், இரவு வேலைக்காரர்கள் பகலிலும் படுப்பார்கள். பாய்க்கு ஓய்வே கிடையாது. அத்தை சுடுசோறும் பொம்பில் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். குழம்பு நம் ஊர்க் குழம்பு. கருவாடு மட்டும் பம்பாய்க்காரக் கருவாடு. சாப்பிட்டு முடித்ததும் மாமா பலகைத் தட்டின் ஓரத்தைக் காட்டினார்.

"அங்கனதான் ஒங்கண்ணன் படுப்பான். நீயும் அங்கனயே படு மருமவனே."

சுவரில் தலை வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அவனுக்குப் பின் எத்தனையோ பேர் அங்கே படுத்திருப்பார்கள். ஆனாலும் அதை அவனுடையதாகவே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமாவோடு தோல் கிடங்குக்குப் போனேன். சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே, ஒரு காலுக்கு மட்டும் இடமுள்ள வரப்பில் மாமா வேகமாக நடந்தார். நான் வழுக்கி, முழங்கால் வரை தொட்டிக்குள் போய்விட்டேன். வந்தவரையும் பதம் போட்டுவிடலாமா என்று வேலைக்காரர்கள் சிரித்தார்கள். என் காலை ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். யார் என்று கேட்டார்கள். யோசேப்பின் தம்பி என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கிடங்கு முதலாளி காசிம் பாய் தென்காசிப் பக்கத்துக்காரர். பம்பாய்க்கு வந்து வெகுகாலம் ஆனாலும் பேச்சில் ஊர் போகவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அண்ணன் இறந்த நாளைப் பற்றிச் சொன்னார். விடாத மழையாம். வண்டி எதுவும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டமோ துறைமுகத்துப் பக்கம், வெகு தூரம். இவர் கிடங்கைப் பூட்டிவிட்டு, வேலைக்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க மய்யித்தைத் தூக்குற மாதிரியேதான் தம்பி தூக்கினோம். எங்கள்ல அது நன்மை. ஒருத்தன் தோள்ல இருக்கும்போதே அடுத்தவன் ஓடி வந்து வாங்கிக்கிடுவான். தூரமே தெரியலை."

"இவிய ஒரு பக்கம் கலிமா சொல்லிட்டு வந்தாவ, நாங்க ஒரு பக்கம் பாட்டுப் படிச்சிட்டுப் போனோம்" என்றார் மாமா. "உள்ள கெடந்தவன் எங்கிட்டுப் போறதுன்னு முழிச்சிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரில் எங்கள் தாத்தா இறந்தபோது கோயில் வண்டி கேட்டு அப்பா போனார். அச்சு முறிந்திருக்கிறது என்றார்கள். சின்னப் பையனான நான் அந்த வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

எலும்பை எடுக்க வேண்டுமானால் பம்பாய்த் தமிழ்ச் சபையின் அனுமதி வேண்டும். சபையின் ஐயர் வீடு மாதுங்காவில் என்று மாமா அடையாளம் சொல்லி அனுப்பினார். ரயில் பாலத்தைத் தாண்டினால் மாதுங்கா. தாராவியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கியதும் மல்லிகைப்பூவும் காப்பிக் கொட்டை வறுக்கிற வாசனையும் வந்தன. ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாளிடம், "ஐயர் வீடு எதும்மா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஒருமுறை பார்த்தார்.

"எந்த ஐயர்னு சொல்லணுமே. இங்கே எல்லாமே ஐயர் வீடுதான்."

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, கோயில் இருக்கும் திசையைக் காட்டி, வெயிலில் வந்திருக்கிறாய் என்று குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். ஐயர் புனாவுக்குப் போயிருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துவிடுவார் என்றும் கோயில் காவல்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு போய், நடு வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் சபை அது. ஆண்கள் தேய்த்த சட்டையில், பெண்கள் நைலக்ஸ் சேலையில். பாட்டுகள் நம் பாட்டுகளே, கொஞ்சம் வேகமாகப் பாடினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாட்டுப் புத்தகத்தை என் பக்கமும் சாய்த்துப் பிடித்தார். வந்த நாள் முதல் அப்போதுதான் எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

நற்கருணை நேரம் வந்தது. முன் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து, பீடத்தின் முன்னிருந்த கிராதிக்குப் போனார்கள். எங்கள் பெஞ்சும் எழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் என் முழங்காலைத் தாண்டிப் போனார். பின் பெஞ்சுக்காரர்களும் போனார்கள். எல்லாரும் போய் வந்துவிடட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். யோசித்துச் செய்ததல்ல. பிறந்தது முதல் பழகிய உடம்பு அது. எழுந்திருக்க வேண்டிய முறை எப்போது வரும் என்று அதற்குத் தெரியும். கடைசி ஆள் திரும்பி வந்து உட்கார்ந்தபின் நான் எழுந்தேன். அதற்குள் ஐயர் பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார். மூடியபின் திறக்க மாட்டார்கள். நடு வழியில் நின்ற நான், வெளியே போக எழுந்தவன்போல் கதவுப் பக்கம் திரும்பி நடந்தேன்.

ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கண்ணாடியும் கழுத்தில் டையுமாக, பெரிய உத்தியோகக்காரர் மாதிரி இருந்தார். சபைச் செயலாளர், பெயர் தர்மராஜ். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"நம்ம ஊர்த் தம்பிதானே? கடைசி வரைக்கும் எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு."

அவர் எங்கள் ஊர் மேலத்தெருக்காரர். அவர் பம்பாய்க்கு வந்தபோது நான் பிறந்தேகூட இருக்க மாட்டேன். நான் சொல்வதற்கு முன்பே என் வேலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. தவணை முடிந்த விஷயத்தைப் பொன்னையா மாமாவுக்கு ஆள் அனுப்பிச் சொன்னதே அவர்தானாம். அனுமதியெல்லாம் தயார், செம்பூரில் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று கையோடு அழைத்துப்போனார். குர்லாவில் ரயில் மாறும்போது கூட்டத்தில் நான் பிரிந்துபோகாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலத்தெருக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை. மேலத்தெரு என்றதுமே இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

செம்பூர் வீடு மரங்களுக்கு நடுவே, தனி வீடு. தூரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குழாய் உச்சியில் பகலிலும் தீ எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் அவர் வீட்டார் எல்லாருக்கும் பீங்கான் தட்டுகள். எனக்கு மட்டும் முன்னறையில், தனியாக, தலைவாழை இலை. ஊரிலிருந்து வந்தவருக்கு இலையில் சாப்பிட்டால்தானே திருப்தி என்று தர்மராஜ் சாரின் சம்சாரம் அன்பாகத்தான் சொன்னார். கோழிக் குழம்பு, ரசம், அப்பளம் எல்லாம் இருந்தது. மரியாதைக்காக இலை போட்டார்களா, என் எச்சில் தட்டைக் கழுவாமலிருக்கப் போட்டார்களா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. இலையை நானே எடுத்துப் போட்டேன். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை.

சாப்பிட்டபின் தர்மராஜ் சார் விஷயத்துக்கு வந்தார். அவர் அப்பா எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் பெரியவராக இருந்தவர். வயதான காலத்தில் பம்பாய்க்கு மகனோடு இருக்க வந்தபின் இறந்தார், அண்ணன் இறந்த அதே மழையில். இங்கே இறந்த வரிசைப்படிதான் குழி கொடுப்பார்களாம். அண்ணனுக்கு அடுத்த குழி அவருக்குக் கிடைத்தது. மகன் அந்த இடத்தை நிரந்தரமாக வாங்கிப் பளிங்குக் கல் வைத்தார்.

"அம்மாவுக்கு இப்ப உடம்பு சரியில்லை, தம்பி. அப்பா பக்கத்துலயே அவங்களுக்கு ஒரு இடம் வேணும்னு ஆசைப்படறேன். எலும்பை எடுத்து உங்க அண்ணன் இடம் கிளியர் ஆச்சுன்னாதான் அதை எனக்குத் தர்றதா சொல்லியிருக்காங்க. ரெண்டையும் சேர்த்துச் சுத்தி ஒரு சுவர் கட்டிடலாம். சின்னச் சுவர்தான், முழங்கால் உயரம். உங்க டிக்கெட் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

புருஷன் பக்கத்தில் மனைவி கிடக்க வேண்டும் என்று ஒரு மகன் நினைப்பதில் என்ன தப்பு? நான் வந்ததும் அண்ணனைக் கொண்டுபோகத்தான். "ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். ஊர்க்காரப் பையன் வந்திருக்கிறான் என்று கேட்டுப் பார்க்க விரும்பியதால் என்னை உள்ளே விட்டார்கள். மகன் போன் பேச வெளியே போனார். நான் யார் மகன் என்று அந்த அம்மா கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன்.

"கீழத்தெரு அந்தோணி மவனா? ஒங்க அம்மை எங்க வீட்டுக்கு நெல்லு குத்த வருவாளே. நல்லாருக்காளா?"

இருக்கிறாள் என்றேன். வந்த காரணத்தைக் கேட்டார். சொன்னேன். அண்ணன் குழியைத் தனக்கென்று வாங்கப் போவது பற்றி மகன் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலும். கேட்டதும் இருமிக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு எதுக்குய்யா தனிக்குழி? அந்த மனுசன் மேலயே போட்டுரச் சொல்லு. உசுரோட இருக்கயில மட்டும் என்ன, அவரு தலைமேலதான ஏறிட்டு இருந்தேன்." பிறகு சன்னல் பக்கம் பார்த்தார். "இங்கன எங்கூட யாரு பேசுதா? பேரப்பிள்ளைய இந்தியில பேசுது. ஒங்கண்ணன் கெடந்துட்டுப் போட்டும். செத்த பெறவாவது நம்மூர்ப் பேச்சு பேசுத ஒருத்தன் பக்கத்துல கெடக்கட்டும்."

அருகில் நகர்ந்து, கட்டில் விளிம்பில் கை ஊன்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கட்டில்ல கை வைக்காதய்யா" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அம்மாவின் நலம் கேட்ட அதே குரல்தான்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் என் தோளில் தூங்கி விழுந்தார்கள். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு தனியாக இருக்கிறது. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள், அதனால்தான் அங்கே சுவர் இருக்கிறது. எது மேல் என்று குர்லா வருவதற்குள் எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கிறிஸ்தவனாகப் பிறந்து, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், பிள்ளைகளுக்கு வேதபாடமும் நடத்துகிற நான், அண்ணனைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போடுவதற்காகவா இத்தனை தூரம் வந்தேன் என்று மட்டும் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவின் முகமும் வந்தது. இரவு மாமாவிடம் கேட்டேன். "நீ படிச்சவன். ஆனா அம்மைக்குப் பதில் சொல்லப்போறதும் நீதான்" என்றார்.

திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். மாமாவுக்கு லீவு கிடையாது. கப்பல்களின் ஊதல் சத்தம் கேட்கிற இடம். வரிசை வரிசையாகச் சிலுவைகள், இங்கிலீஷில், தமிழில், தெலுங்கில், மராத்தியில். கோவாக்காரரும் நம்மவரும் பஞ்சாபிக் கிறிஸ்தவரும் வந்த வரிசையில் படுத்திருந்தார்கள். அண்ணனுடையது தோல் கிடங்குப் பெட்டிப் பலகையில் செய்த சிலுவை. மழையில் கறுத்திருந்தது. பெயரும் ஊரும் கத்தியால் கீறியிருந்ததால் அழியவில்லை. அதற்கு அடுத்தாற்போல் பளிங்குக் கல். அதிலும் பெயர், ஊர். இரண்டிலும் ஒரே ஊர். ஊரிலிருந்து வருகிற மேலத்தெரு உறவுக்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்திருப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் புல் முளைத்திருந்தது. சுவர் இல்லை.

குழி வெட்டுகிறவர் மராத்திக்காரக் கிறிஸ்தவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கையால் கேட்டார்: மேலேயா, கீழேயா? எடுத்துக்கொண்டு போகிறாயா, ஆழத்தில் வைக்கவா என்று அர்த்தம். நான் கீழே என்று காட்டினேன். எதற்கும் ஒருமுறை திரும்பக் கேட்டார். மறுபடியும் கீழே காட்டினேன்.

தர்மராஜ் சார் ஆபீஸில் சொல்லிவிட்டு அப்போதுதான் குடையோடு வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது.

"என்ன தம்பி, நேத்து சரின்னு சொன்னீங்க?"

"நம்ம ஊர்ல சுவர் இருக்கு சார். இங்க இல்ல."

"இதையெல்லாம் இங்க வந்து பேசணுமா? பம்பாய்ல இதெல்லாம் யார் பாக்கறா?"

"அதான் சார். யாரும் பாக்காத எடத்துலயே இருக்கட்டும்."

அவர் என்னிடம் கோபித்துப் பேசவில்லை. குடையைப் பளிங்குமேல் சாய்த்துவிட்டுக் குனிந்து, அப்பாவின் கல்லறையோரம் இருந்த புல்லைப் பிடுங்கினார். புல் அண்ணன் பக்கமும் தொடர்ந்து படர்ந்திருந்தது. எல்லை வந்ததும் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அவர் அம்மா சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவர் வீட்டில் அவரே கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

குழி திறந்தபோது நான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. அண்ணன் மிகக் கொஞ்சமாக இருந்தான். அம்மா தைத்த பையை விரித்துப் பிடித்தேன். குழி வெட்டுகிறவர் ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வைத்தார். நாடாவை நான் இழுத்துக் கட்டினேன். குழியை இன்னும் ஆழமாக்கி, சிவப்புச் சிலுவை மேலே தெரியும்படி பையை இறக்கினார். நான் தனியாக ஒரு பாட்டுப் பாடினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒரு சரணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானமே அந்தக் குழிக்கு ஆள் வந்துவிட்டது. வண்டி வாசலோடு நின்றுவிட, பெட்டியோடு வந்தவர்களில் வெள்ளை உடுப்பு நர்ஸுகளே அதிகம். ஆண்கள் மூன்றே பேர். மலையாளத்து நர்ஸ், ஊரில் சொந்தமென்று யாருமில்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் எல்லாம் செய்கிறார்கள் என்று ஒருவர் தமிழில் சொன்னார். பெட்டியின் ஒரு மூலைக்குத் தோள் இல்லை. குழி வெட்டுகிறவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

போனேன். என் கையைத் தட்டிவிட யாருமில்லை. எந்தத் தெரு என்று கேட்கவுமில்லை. நீங்கள் கொஞ்சம் உயரம், குனிந்து வாருங்கள் என்று மட்டும் முன்னால் போனவர் சொன்னார். கிறிஸ்தவனாகப் பிறந்து இத்தனை வருஷத்தில், எங்கள் தெருவைச் சேராத ஒருவரின் சவப்பெட்டி என் தோளில் ஏறியது அன்றைக்குத்தான். ஏழைப் பெட்டி. சரியாக இழைக்காத பலகை. ஊர் வந்து சேரும்வரை தோளில் அந்தச் சிராய்ப்பு எரிந்தது. ரயிலில் யாருமற்ற நேரங்களில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பையில்லாமல் நான் வாசலில் நின்றதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பிறகு சோறு வைக்கும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"பை காணுமாய்யா இருந்துச்சு? பத்தாமப் போகலயே?"

"காணும்மா. எடம் மிச்சமே இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "மேல யாரு?" என்றாள். ஒரு நர்ஸம்மா என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்கு ஒரு நர்ஸு இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபின் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அண்ணனுக்கு அடுத்த குழியில் கிடப்பவர் யார் என்பதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அந்தப் பெரியவரைத் தெரியும். பெட்டி வண்டிக்கு அச்சு முறிந்துவிட்டது என்று சொன்னவரே அவர்தான். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல சுவரு இல்லயா?"

"இல்லப்பா."

"மழைத் தண்ணி நிக்குமா?"

"நிக்காதுப்பா. மேடான எடம்."

கை காய்ந்துபோகும்வரை அப்படியே இருந்தார். பிறகு, வெளியூரில் எனக்கு ஒரு வேலை சொல்கிறவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"அப்பம் எனக்கும் அங்கன ஒரு எடம் கேட்டு வையில."